கைமாறாத தகவலும் கடல் கொண்ட உயிர்களும்



2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திய நேரப்படி ஆறரை மணி அளவில் சுமத்திராத் தீவின் வடமேற்கே கடலடி நிலம் பிளந்தது. நாகப்பட்டினத்துக் கரையில் பேரலை ஏறியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையில் இருந்தது இரண்டரை மணி நேரம். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் காலை உணவை முடித்துக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பப் போதுமான நேரம் அது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்து சென்று உயிர் பிழைக்கவும் தாராளமாகப் போதுமானது.

அந்த நேரம் நம் மக்களுக்குக் கிடைக்கவில்லை. பதினான்கு நாடுகளில் இரண்டேகால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வஃபாத்தானார்கள். பேரிடர் இறைவனின் நாட்டம் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும் அன்று ஒருவர் அறிந்தது இன்னொருவரைச் சென்று சேராமல் போனதையும், பின்னர் மீட்புப் பணியில் ஒரு நிறுவனத்திடம் இருந்த பட்டியலும் வரைபடமும் அடுத்த நிறுவனத்துக்குக் கிட்டாமல் போனதையும் நாட்டத்தின் மேல் ஏற்றிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. அது மனிதரின் பொறுப்பு. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் நாம் பார்க்கிறோம்.

இரண்டரை மணி நேரத்தில் நடந்தவை

ஹவாய்த் தீவில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் உள்ளது. நிலநடுக்கம் ஏற்பட்ட பதினைந்து நிமிடங்களில் அங்கிருந்த அறிவியலாளர்கள் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டனர். அதன் அளவு 8.0 என அவர்கள் முதலில் கணித்தனர். பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் தெரிவித்தனர். ஒரு மணி நேரம் கழித்து அளவை 8.5 ஆக உயர்த்தி, நடுக்கத்தின் மையத்தருகே சுனாமி எழக்கூடும் என்று இரண்டாவது அறிக்கை விடுத்தனர். உண்மையான அளவு 9.1 என்பது பின்னரே உறுதியாயிற்று. அவர்களுடைய வேலை பசிபிக் கடலுக்கானது. இந்தியப் பெருங்கடலின் கரையோர நாடுகளில் யாரை அழைப்பது என்ற பட்டியல் அவர்களிடம் இல்லை. இந்தக் கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பே அன்று இருக்கவில்லை.

நம் நாட்டிலும் செய்தி ஒரு கையில் இருந்து மறு கைக்கு வரத் தடுமாறியது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் காலை ஏழரை மணிக்குப் பின் நீரில் மூழ்கத் தொடங்கியது. அத்தளத்தில் இருந்து வந்த கடைசிச் செய்தி சென்னைக்கு எட்டியது. அப்போது நாகையிலும் கடலூரிலும் கடல் அமைதியாகவே இருந்தது. அந்தச் செய்தி படைத்தலைமையின் அடுக்குகளில் மேலேறிச் சென்றது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை நோக்கிக் கீழே இறங்கவில்லை. வானிலைத் துறையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மணிக்கு அனுப்பப்பட்ட ஃபேக்ஸ், துறை அமைச்சருக்குப் பதிலாக முன்னாள் அமைச்சர் ஒருவரின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இன்னும் கொடிய ஒன்று நிகழ்ந்தது. கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்ற தொடர்வண்டி கடலோரப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. கிழக்குக் கரையை அலை தாக்கிய செய்தி அறிந்து வண்டிகளை நிறுத்த ரயில்வே கட்டுப்பாட்டு அறை முயன்றது. அம்பலாங்கொடை நிலையத்தில் தொலைபேசி ஒலித்தபோது, வந்து நின்ற அந்த வண்டியைக் கவனிக்க ஊழியர்கள் நடைமேடையில் இருந்தனர். தொலைபேசியை எடுத்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. பெரலிய என்னும் ஊரருகே அதை அலை புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவற்றுக்கு நேர்மாறாக இரண்டு ஊர்கள் தப்பித்தன. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். செய்தியில் பேரலை பற்றி அறிந்த அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. கடலின் நிலையும் மீன் இருக்கும் இடமும் அதன் ஒலிபெருக்கியில்தான் நாள்தோறும் சொல்லப்படும். விடுமுறை நாளாதலால் பூட்டிக் கிடந்த அதன் கதவை ஊரார் உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் அபாயத்தை அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. சுமார் 3,600 மக்களும் உயிர் தப்பினர்.

மற்றொன்று சுமத்திராவின் மேற்கே, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் உள்ள சிமலூ தீவு. ஏறத்தாழ 78,000 முஸ்லிம்கள் வாழும் அத்தீவில் அன்று அலையால் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து ஊர்களை அழித்திருந்தது. அதற்கு அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டனர். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் குன்றை நோக்கி ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். எழுத்திலோ கருவியிலோ இல்லாத அந்தத் தகவல் தொண்ணூற்றேழு ஆண்டுகள் கைமாறிக் கைமாறி, அலை வரப் பத்து நிமிடங்கள்கூட இல்லாத ஓரிடத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

ஹவாயில் கருவிகள் இருந்தன. சொல்வதற்கு ஆள் தெரியவில்லை. சிமலூவில் கருவி இல்லை, எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

வரைபடம் இல்லாத அச்சே

அலை வடிந்த பின்பு தொடங்கியது இரண்டாம் சோதனை. மிகப் பெரிய இழப்பு அச்சே மாநிலத்துக்கு. ‘மக்காவின் முன்றில்’ என்று நூற்றாண்டுகளாக அழைக்கப்பட்ட பூமி அது. தென்கிழக்காசிய ஹாஜிகள் கப்பலேறிய கரை. இந்தோனேசியாவில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 1,67,000 பேர் என்பது பிந்தைய கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அச்சே மக்களே. ஆனால் முதல் நாள் உலகச் செய்திகளில் இலங்கையும் தமிழகமும் தாய்லாந்துமே பேசப்பட்டன. அச்சேயிலிருந்து செய்தி சொல்ல யாரும் மிஞ்சியிராத ஊர்கள் இருந்தன. மேற்குக் கரையின் மெலாபோ நகரம் பல நாட்கள் தொடர்பற்றுக் கிடந்தது.

இதற்கு அலை மட்டும் காரணமன்று. 1976 முதல் அங்கே அரசுக்கும் சுதந்திர அச்சே இயக்கத்துக்கும் போர் நடந்துவந்தது. 2003 மே மாதம் ராணுவ ஆட்சி அறிவிக்கப்பட்டது முதல் வெளிநாட்டார் நுழைவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. போர் நடக்கும் பூமியின் விரிவான வரைபடம் பொதுமக்கள் கையில் புழங்காது. அலைக்குப் பின் எல்லை திறக்கப்பட்டு உலகெங்கிலுமிருந்து உதவிக் குழுக்கள் வந்து இறங்கியபோது, எந்தச் சாலை எங்கே போகிறது, எந்தப் பாலம் மிஞ்சியது, எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அரசு அலுவலர் பலர் இறந்திருந்தனர். அலுவலகங்களின் ஏடுகள் சேற்றில் கிடந்தன.

வானிலிருந்து எடுத்த படங்கள் வந்தன. பேரிடர்க் காலத்தில் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகத் தருவதற்கென 1999-இல் வியன்னா மாநாட்டின்போது முன்மொழியப்பட்ட பன்னாட்டு உடன்பாடு ஒன்று உண்டு. இந்தியாவின் இஸ்ரோவும் 2001-இல் அதில் சேர்ந்தது. அந்த உடன்பாடு உடனே செயல்படுத்தப்பட்டது. பண்டா அச்சே நகரின் முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து உலகம் திடுக்கிட்டது. நகரின் கரையோரப் பகுதிகள் தரைமட்டமாகியிருந்தன. சுற்றிலும் எதுவும் எஞ்சாத இடத்தில் பள்ளிவாசல் மட்டும் தனித்து நின்ற காட்சியை நாம் மறக்க இயலாது.

எனினும் படம் வேறு, பயன்படும் வரைபடம் வேறு. தனியார் நிறுவனங்களின் நுட்பமான படங்களை ஒரு தொண்டு நிறுவனம் விலைகொடுத்து வாங்கினால், உரிம நிபந்தனையின்படி அடுத்த நிறுவனத்துக்குத் தர இயலாத நிலை இருந்தது. படத்தில் தெரிந்த ஊருக்குப் பெயர் சொல்ல உள்ளூர் ஆள் தேவை. அந்தப் பெயரும் சிக்கல்தான். ஒரே ஊரை அச்சே மொழியில் ஒருவிதமாகவும் இந்தோனேசிய மொழியில் வேறுவிதமாகவும் எழுதுவர். வந்திறங்கிய வெளிநாட்டார் காதில் விழுந்தபடி மூன்றாம் விதமாக எழுதினர். ஒரே கிராமம் பட்டியலில் மூன்று முறை வந்தால் மூன்று லாரி அரிசி போகும். பட்டியலில் இல்லாத கிராமத்துக்கு ஒரு மூட்டையும் போகாது.

இந்த நிலையைச் சீர்செய்யத்தான் ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் பண்டா அச்சேயில் ஒரு தகவல் மையத்தை 2005 ஜனவரியில் திறந்தது. 1999-இல் கொசோவோவில் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்த முறை அது. மையத்தின் அடிப்படைக் கேள்விகள் மூன்றே: யார், என்ன, எங்கே? எந்த நிறுவனம் என்ன பணியை எந்த ஊரில் செய்கிறது என்று ஒவ்வொருவரும் வந்து பதிய வேண்டும். அதை வரைபடத்தில் ஏற்றி அச்சிட்டு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் தரப்படும். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. கேட்க எளிய ஏற்பாடு. ஆனால் அது நிறுவனங்களின் மனத்தைச் சார்ந்திருந்தது. நன்கொடையாளரிடம் கணக்குக் காட்டவேண்டிய அவசரத்தில் பலர் தாங்களே தனியாகக் கணக்கெடுத்து, முடிவைத் தங்களிடமே வைத்துக்கொண்டனர். முகாமில் இருந்த ஒரே விதவை, அடுத்தடுத்து வந்த குழுக்களிடம் ஒரே துயரக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது இதனால்தான். கணக்கெடுப்புகள் ஒன்றோடொன்று மோதின, ஒன்றுக்கொன்று உதவவில்லை என்று 2006-இல் பல நிறுவனங்கள் கூடி நடத்திய மதிப்பாய்வு வெளிப்படையாகவே குறை கூறியது.

எல்லைக்கல் போனபின் நிலம் யாருக்கு?

உணவுப் பொட்டலம் தவறிப்போனால் மறுநாள் திருத்தலாம். நிலத்தின் வரைபடம் தவறினால் தலைமுறைக்கும் திருத்த இயலாது. அச்சேயின் வரலாற்றில் நாம் மிகவும் கவனிக்கவேண்டிய பகுதி இது.

அலையில் வீடுகளோடு வேலிகள், மரங்கள், எல்லைக்கற்கள் அனைத்தும் போயின. சில இடங்களில் நிலமே கடலாயிற்று. பண்டா அச்சேயின் நில அலுவலகத்தில் உப்புநீரும் சேறும் புகுந்து பதிவேடுகள் ஊறிப்போயின. அந்த ஏடுகள் மட்கிவிடாதிருக்க அவற்றை உறைய வைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுசென்று, ஜப்பானின் உதவியோடு ஈரம் நீக்கி மீட்டார்கள். ஆயினும் பெரும்பாலான நிலங்களுக்கு முன்பே பத்திரம் இருந்ததில்லை. எல்லை எது என்பது அண்டைவீட்டாரின் நினைவில் இருந்தது; அவர்களில் பலரும் இறந்திருந்தனர்.

எனவே ஒரு புதிய வழி கண்டார்கள். 2005 ஆகஸ்ட் முதல் உலக வங்கி நிர்வகித்த நன்கொடை நிதியத்தின் துணையோடு இந்தோனேசிய நில நிர்வாகத் துறை அதை நடத்தியது. உயிர்பிழைத்த கிராமத்தார் ஒன்றுகூடி நடந்து சென்று, இது இன்னாரின் மனை, இங்கே வேலி இருந்தது என்று தாங்களே எல்லையைக் குறிப்பார்கள். பக்கத்து மனைக்காரர்கள் கையொப்பமிடுவார்கள். பிறகு அளவையர் வந்து அளந்து வரைபடமாக்குவர். அந்த வரைபடம் ஊரின் பொது இடத்தில் ஒட்டப்படும். ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம். அதன்பிறகே பட்டா. எந்த அலுவலகத்தின் பூட்டிய அலமாரியிலும் இல்லாத தகவலை, எல்லோர் கண்முன்னும் எல்லோரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

உரிமையாளர் இறந்துபோன மனைகளுக்கு வாரிசு யார் என்ற கேள்வி எழுந்தது. மீராஸ் சட்டப்படி மகளுக்கும் மனைவிக்கும் உரிய பங்கு, பதியும்போது விடுபட்டுவிடக்கூடாதே என்ற கவலை பெண்களிடம் இருந்தது. யத்தீம் பிள்ளைகளின் சொத்தை உறவினர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அபாயமும் இருந்தது. அச்சேயின் ஷரீஅத் நீதிமன்றங்கள் வாரிசுரிமையையும் யத்தீம்களின் பாதுகாவலர்களையும் முடிவு செய்தன. மக்கள் வரமுடியாத இடங்களுக்கு நீதிபதிகளே சென்று விசாரித்தனர். நில வரைபடமும் வாரிசுப் பட்டியலும் ஒரே மேசையில் சந்தித்தால்தான் யத்தீமின் பங்கு அவளுக்குப் போய்ச் சேரும்.

இலக்கு ஆறு இலட்சம் பட்டாக்கள். வழங்க முடிந்தது இரண்டு இலட்சத்துச் சொச்சம். குறைகள் இருந்தன, தாமதம் இருந்தது. இருப்பினும் மறுசீரமைப்புக்கென 2005 ஏப்ரலில் அமைக்கப்பட்டு நான்காண்டுகள் இயங்கிய அரசு முகமை, எந்த நிறுவனம் எத்தனை வீடு கட்டுவதாக வாக்களித்தது, எத்தனை கட்டியது என்பதை ஒரே தரவுத்தளத்தில் கேட்டு வாங்கிப் பொதுவில் வைத்தது. ஏறத்தாழ 1,40,000 வீடுகள் எழுந்தன.

நாகையில் குவிந்த பழந்துணி

கடலின் மறுகரைக்கு, நம் நாகை மாவட்டத்துக்கு வருவோம். தமிழகத்தில் இறந்த ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்மாவட்டத்தினர். அன்று நம் மக்கள் காட்டிய ஈகை சிறிதன்று. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவச் சகோதரர்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்து அடைக்கலம் அளித்ததை இன்றும் அக்கரையில் நினைவு கூர்கின்றனர்.

ஆனால் ஈகைக்கும் வரைபடம் வேண்டியிருந்தது. நாடெங்கிலுமிருந்து லாரிகளில் வந்த பழந்துணிகள் நாகைச் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து மழையில் நனைந்தன. அந்த மீனவர்கள் பிறர் உடுத்திய துணியை வாங்கி உடுத்தியவர்கள் அல்லர். அவர்களுக்குத் தேவைப்பட்டவை பாத்திரம், அடுப்பு, வலை, படகு. அதைக் கேட்டு ஊருக்குச் சொல்ல வழி இல்லாததால், கொடுத்தவர் மனம் குளிர்ந்தது. வாங்கியவர் மனம் புண்பட்டது. பெருஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் உதவி நிரம்பி வழிய, உள்ளே ஒதுங்கிய குப்பங்கள் காத்துக் கிடந்தன. வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குப்பங்கள் அடங்கிவிடும். வெளியூரிலிருந்து வந்தவருக்குப் பட்டியலில் குப்பத்தின் பெயரே தென்படாது. நம் கடலோரத்தின் விரிவான வரைபடங்களும் பாதுகாப்புக் காரணம் கருதிப் பூட்டப்பட்டிருந்தன. 2005 மே மாதத்தில்தான் தேசிய வரைபடக் கொள்கை வந்து, பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது.

அந்நிலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்து தொண்டு நிறுவனங்கள் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸ் அமைப்பும் உள்ளூர்ப் பெண்களிடையே உழைத்த சிநேகா அமைப்பும் இதை முன்னின்று தொடங்கின. எந்த ஊரை எந்த நிறுவனம் பொறுப்பேற்றது, எங்கே எது குறைவு என்பது ஓரிடத்தில் பதிவாயிற்று. பின்னர் கிராமங்களிலேயே தகவல் மையங்கள் அமைத்து அரசாணைகளை மக்களுக்குப் படித்துச் சொல்லவும், மக்களின் குறையை மேலே எழுதி அனுப்பவும் செய்தனர். பேரிடரில் ஆட்சியரும் தொண்டரும் ஒரே மேசையில் அமர்ந்த அம்முறையை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர்.

அம்பாறையின் கேள்வி

இலங்கையில் 35,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களில் மிகுதியான இழப்பு அம்பாறைக்கு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய நெருக்கமான முஸ்லிம் ஊர்களில் ஜனாஸாக்களை ஒவ்வொன்றாக அடக்க இயலாமல் கூட்டாக அடக்கினர்.

கொழும்பில் அதிபர் செயலகத்தில் திறக்கப்பட்ட தேசியச் செயற்பாட்டு மையத்தில், கணினித் துறைத் தன்னார்வலர்கள் சில நாட்களிலேயே ஒரு மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் ‘ஆறுதல்’ எனப் பொருள்படும் ‘சஹானா’ என்பது அதன் பெயர். காணாமற்போனோர் பட்டியல், முகாம்கள் பட்டியல், பணிபுரியும் நிறுவனங்களின் பட்டியல், தேவைப்படும் பொருள்களின் பட்டியல் ஆகியவற்றை அது ஒன்றாக இணைத்தது. அதை எவரும் இலவசமாக எடுத்துத் தம் நாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்தனர். அடுத்த ஆண்டு அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தான் அதை எடுத்துப் பயன்படுத்தியது.

ஆனால் மென்பொருளால் தீராத ஒரு கேள்வி அம்பாறையில் எழுந்தது. பட்டியலில் நாம் யார்? 2005 ஜூன் மாதம் நிவாரண நிதியைப் பகிர்வதற்கு அரசும் விடுதலைப் புலிகளும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். குழுக்களில் முஸ்லிம்களுக்கு இடம் தரப்பட்டது. கையொப்பமிடும் தரப்பாக அவர்கள் ஏற்கப்படவில்லை. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மக்களே மேசையில் இல்லை என்று முஸ்லிம் தலைவர்கள் எதிர்த்தனர். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இன்னொரு புறம், கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசு ஒரு கோடு போட்டது. தென்மேற்கில் அது 100 மீட்டர். கொழும்பிலிருந்து பார்த்தால் வரைபடத்தில் அது மெல்லிய கோடு. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நின்று பார்த்தால், ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக இடுங்கிய ஊரில், மாற்றிடம் இல்லாத மக்களின் வீடுகள் வரிசை வரிசையாக அக்கோட்டுக்குள் கிடந்தன. அந்தக் கோட்டைப் போடும்முன் அவ்வூர் மக்களைக் கேட்டிருந்தால் எத்தனையோ ஆண்டுகளின் அலைச்சல் மிஞ்சியிருக்கும். பின்னர் அரசே அந்த அளவைத் தளர்த்தியது.

தகவலைப் பகிர்வது என்றால் மேலிருந்து கீழே கொடுப்பது மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. யாரைப் பற்றிய தகவலோ அவர்களும் அதை எழுதும் மேசையில் இருக்கவேண்டும். அம்பாறை நமக்குச் சொல்வது அதுதான்.

உலகம் கற்றுக்கொண்டது

அலை அழித்த கரைகளின் மீது உலகம் சில பாடங்களைப் படித்தது. 2005-இல் ஐக்கிய நாடுகள் உதவிப் பணிகளை நீர், உறைவிடம், மருத்துவம் என்று துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பு நிறுவனத்தை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. காஷ்மீர் நிலநடுக்கத்தில் முதலில் அதைச் செயல்படுத்தினர். 2007 அக்டோபரில் ஹைதராபாதில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் இந்தக் கடலின் மற்ற நாடுகளுக்கும் எச்சரிக்கை வழங்குகின்றன.

2010 ஜனவரி 12 அன்று கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டின் தலைநகர் நிலநடுக்கத்தில் இடிந்தபோது மாற்றம் கண்கூடாயிற்று. ஐ.நா. தலைமையகக் கட்டடமே விழுந்து, நாட்டை அறிந்த அதன் பணியாளர் பலர் இறந்தனர். அரசின் வரைபட நிறுவனமும் இடிந்தது. அப்போது செயற்கைக்கோள் நிறுவனங்கள் தம் படங்களைத் தடையின்றித் திறந்துவிட்டன. எவரும் திருத்தக்கூடிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் வரைபடத்தில் உலகெங்கிலும் இருந்து 600-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தம் வீடுகளிலிருந்தே தெருத்தெருவாக வரைந்தனர். சில வாரங்களில் அந்நகரின் மிக விரிவான வரைபடம் அதுவாயிற்று. மீட்புக் குழுக்கள் அதையே கையில் வைத்து நடந்தன. கொழும்பில் பிறந்த சஹானாவும் அங்கே பணிபுரிந்தது. அம்பாறையின் கண்ணீரில் உருவான ஒன்று முன்பின் அறியாத ஒரு மக்களுக்கு ஆறுதலாயிற்று.

2012 ஏப்ரல் 11 அன்று அச்சேக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் மீண்டும் அதிர்ந்தது. இம்முறை சில நிமிடங்களில் எச்சரிக்கை பறந்தது. நம் கரைகளில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பேரலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பண்டா அச்சேயில் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டிகளில் ஏறியதால் சாலைகள் அடைத்து நின்றன. எச்சரிக்கை வந்தது, எந்தத் தெருவார் எந்த வழியில் போவது என்பது இன்னும் வீடுகளைச் சென்றடையவில்லை.

நம் பதிவேட்டில் யார் இல்லை?

இத்தனையும் பெரிய நிறுவனங்களின் கதை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு உள்ளது. நிக்காஹுக்கும் ஜனாஸாவுக்கும் சந்தாவுக்கும் அதைப் புரட்டுகிறோம். வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் பள்ளிவாசலில் சோறு வடிக்கப்படுவதும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். அதில் யார் இல்லை என்று நாம் எப்போதாவது பார்த்ததுண்டா? சந்தா கட்டாத வாடகைக் குடித்தனம், பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளி, கணவர் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் சகோதரி, படுக்கையில் கிடக்கும் பெரியவர், தெருக்கோடியில் இருக்கும் மாற்று மதத்துக் குடும்பம். 2004-இல் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் இறந்தனர். அவர்கள் பெயர் அந்தக் கரையின் எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை.

பதிவேட்டைத் திறப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். அச்சேயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கடத்தல்காரர் கொண்டுபோய்விடக்கூடாதென்று, அவர்களை மாநிலத்துக்கு வெளியே அழைத்துச் செல்ல அரசு தடை விதித்தது. யத்தீமின் பெயரும் இடமும் அவளைக் காப்பவர் கையில் இருக்கவேண்டும்; கண்டவர் கையில் போகலாகாது. தெருவின் வரைபடமும், தண்ணீர் தேங்கும் இடமும், மேடான மண்டபமும், படகு வைத்திருப்பவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியட்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பக்கத்துக் கோயில், தேவாலய நிர்வாகிகளுக்கும் தெரியட்டும். விதவையின் வறுமையும் நோயாளியின் நோயும் பொறுப்பாளர் இருவர் மூவரிடம் அமானிதமாக இருக்கட்டும். எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்று அமைதியான நாளிலேயே ஜமாஅத் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டால், ஆபத்து நாளில் தயங்க வேண்டியிராது.

அறிந்ததை உரியவரிடம் சேர்ப்பது அமானிதம். அன்று அந்த இரண்டரை மணி நேரத்தில் அது பலர் கையில் இருந்தது. கரையில் நின்றவர்களை வந்தடையவில்லை. இனி ஒருமுறை நம் பகுதியில் அப்படி நேராதிருக்க, வருகிற ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளும் இளைஞர்களும் சற்று அமர்ந்து அந்தப் பதிவேட்டைத் திறப்போம். விடுபட்ட வீடுகளுக்கு நடந்து சென்று பெயர் எழுதி வருவோம், இன்ஷா அல்லாஹ்.